தண்ணீர் மேல் படுத்த கம்பிகள்

அவன் கதவை எட்டி உதைத்த சத்தத்தில் என் கையிலிருந்த ஊசி தொட்டித் தண்ணீருக்குள் விழுந்தது. யாரென்று நான் நிமிர்வதற்குள் அக்காவின் கூந்தல் அவன் கையில் இருந்தது.

பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் நானும் அக்காவும் ஆராய்ச்சி மாணவிகள். கூடப் பிறந்தவர் இல்லை, என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்பேன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பம். அடி தாங்காமல் புருஷனைப் பிரிந்து, ஆரப்பாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தார். அந்தப் புருஷன்தான் வந்திருந்தான்.

எங்கள் வேலை டங்ஸ்டன் ஆக்சைடில் நுண்கம்பிகள் வளர்ப்பது. டங்ஸ்டன் உப்பை எத்தனாலில் கரைத்து, எஃகு உருளையில் இறுக்கி அடைத்து அடுப்பில் வைத்தால் உள்ளே கம்பிகள் வளரும். தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அவற்றைத் திரவத்தில் கலந்து, ஊசிக்குழலால் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் மேல் விட்டு, இரண்டு பக்கமும் தடுப்பு வைத்து மெல்ல நெருக்குவோம். மதகில் ஒதுங்கும் வைக்கோல் போலக் கம்பிகள் ஒரே வாட்டத்தில் படுத்துக்கொள்ளும். அந்தப் படலத்தை பிளாஸ்டிக் தாளில் ஏந்தி, அடுக்கடுக்காகச் சேர்த்தால், மின்சாரம் பாயும்போது நீலமாகும் தாள் கிடைக்கும். சுருட்டினாலும் உடையாது.

அன்று மதியம் அவன் தொட்டியைக் கவிழ்த்தான். மேஜை மேலிருந்த கண்ணாடிக் குடுவைகளை எல்லாம் கையால் வாரித் தரையில் இறைத்தான். அக்காவை அந்தச் சில்லுகள் மேலேயே இழுத்தான். அவர் முழங்காலிலிருந்து ரத்தம் கோடாக வந்தது. தங்கள் வீட்டு மொழியில் ஏதோ கத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"நீ வெளிய போடீ. இது எங்க குடும்ப விசயம்."

நான் வெளியே போகவில்லை. எஃகு உருளைகளை இறுக்கும் பெரிய ஸ்பேனர் கைக்கு எட்டியது. ஓங்கி அவன் முழங்கையில் அடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கூந்தலை விட்டவன் மறு கையால் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"அவளை விடு!"

அக்கா கனத்த கையுறைகளை மாட்டிக்கொண்டு நின்றார். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த எஃகு உருளை அவர் கையில் இருந்தது. உள்ளே அழுத்தத்தில் எத்தனால் கொதித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு நிமிசம் அவ மேல கை வச்சிருந்த, இதைத் திறந்து உன் மூஞ்சில ஊத்திருவேன். நானும் சேந்து வெந்தாலும் பரவால்ல."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவனும் கேட்டிருக்க மாட்டான். என் கழுத்திலிருந்து கை நழுவியது. ஓடி வந்த காவலாளிகள் அவனைக் கீழே தள்ளிப் பிடித்தார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில், "புருஷன் பொண்டாட்டி சண்டைதானம்மா, பேசி முடிச்சுக்கலாமே" என்றார்கள். அக்கா உட்காராமல், "எழுதுங்க சார்" என்றார். அவன் என் மேலும் ஒரு புகார் கொடுத்தான், கையை உடைத்ததற்கு. சமயநல்லூரிலிருந்து அம்மா பதறி வந்தாள். நாற்று நட்டும் களை பறித்தும் கூலிக்காசில் என்னைப் படிக்கவைத்தவள். திட்டுவாள் என்று நினைத்தேன். என் கழுத்தில் கன்றியிருந்த விரல் தடங்களைத் தடவிவிட்டு, "ஒரு கையோடயா விட்ட?" என்றாள்.

அடித்ததற்காக நான் ஒருபோதும் வருந்தவில்லை. ஆனால் வெகுநாள் என் கை நடுங்கியது. சொட்டு எக்குத்தப்பாக விழும். கம்பிகள் திட்டுத்திட்டாகக் கூடிக்கொள்ளும். அதனால் ஊசியை அக்கா பிடித்தார், நான் தடுப்புகளை நகர்த்தினேன். கதவை உள்ளே தாழிட்டுத்தான் வேலை. வெளியே யாராவது வேகமாக நடந்தால் இருவருமே நிறுத்திவிடுவோம்.

கடைசியில் ஒரு தாள் ஓரம்வரை சீராக நீலமானது. அக்கா அதை விரலில் சுற்றிப் பார்த்தார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"நாளைக்கு வாய்தா," என்றார். "கோர்ட்டுக்கு நீயும் வாரியா?"

"வாரேன்க்கா," என்றேன்.