சம்சாரம் என்றால் பேச்சு

பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும்; வெதுவெதுப்பாகத் தொண்டையில் இறங்கும்போது லேசாக மரவாசம் அடிக்கும். ஒன்பது வயது வரைக்கும் குடிதண்ணீர் என்றால் எனக்கு அந்த நிறமும் அந்த வாசமும்தான். ஒற்றப்பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் வாடகை வீட்டில் "வெள்ளம்" என்று கேட்டால் அம்மா அதைத்தான் ஊற்றித் தருவாள். குத்தாலத்துக்கு அருகே அப்பாவின் ஊரில் வந்து இறங்கிய முதல் நாள், பேருந்துப் பயணத்தில் நா வறண்டு போய் நான் "வெள்ளம் வேணும்" என்று கேட்க, பெரியப்பா பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெள்ளத்தில் ஒவ்வொரு ஐப்பசியும் பயிரைப் பறிகொடுக்கிற ஊரில் போய் அதை வேண்டும் என்று கேட்டால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்தச் சிரிப்பில் எனக்குக் கோபம் இல்லை. சிரித்து முடித்ததும் ஓடிப்போய்ச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

நான் எழுத வந்தது வேறொரு சிரிப்பைப் பற்றி. வருஷங்கள் ஓடிவிட்டன, எனக்கே காதோரம் நரைத்துவிட்டது, ஆனாலும் அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

அப்பா செல்வராசு கொத்தனார். பண்ணை வேலை செய்து வளர்ந்த குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டு இளவயதிலேயே பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டார். அங்கே கட்டட வேலைக்குச் சித்தாளாக வந்த ஓமனாவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார். நான் பிறந்தபோது பிந்து என்று பெயர் வைத்தது அம்மா. அம்மா ஓயாமல் பேசுவாள். துணி துவைக்கிற இடத்திலும் பேசுவாள், கிணற்றடியிலும் பேசுவாள், மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு அடுத்த வீட்டோடு பேசும்போது அடுப்பில் சோறு குழைந்துபோகும். மலையாளத்தில் பேச்சுக்குச் "சம்சாரம்" என்று பெயர். "ஓமனயுடெ சம்சாரம் கேட்டா விசப்பறியில்லா" என்பார்கள் அக்கம்பக்கத்தில்; அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் பசியே தெரியாது என்று அர்த்தம்.

பெரியப்பா இறந்துபோன பிறகு, அப்பாவின் பெயருக்குப் பட்டா ஆகியிருந்த துண்டு நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை. எங்கள் குடும்பத்தில் நிலம் என்று ஒன்று வந்ததே அந்தத் தலைமுறையில்தான். அதைத் தரிசாகப் போட அப்பாவுக்கு மனசு வரவில்லை. சட்டி பானைகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். மேடும் பள்ளமும் ரப்பர் மரமுமாகப் பார்த்து வளர்ந்த எனக்கு, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தரை ஒரே மட்டமாக இருப்பதே அதிசயமாக இருந்தது. கொட்டைகொட்டையான சிவப்புச் சோறு போய் வெள்ளைச் சோறு வந்தது. தேங்காய் எண்ணெயில் அம்மா தாளித்தால் அக்கம்பக்கத்தார் வாசல் வரை வந்து மூக்கைப் பிடித்தார்கள். இருந்தும் அத்தை காசியம்மாள், அப்பாவுக்கு நேர் மூத்தவள், அம்மாவைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். "அது பேசறது பாதி புரியல. ஆனா கேக்க நல்லாருக்கு" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்தார்கள். எனக்குத் தமிழ் பேச வரும், எழுதவும் அப்பா கற்றுக்கொடுத்திருந்தார். ஆனால் வாயைத் திறந்தால் இரண்டு பாஷையும் கலந்து வரும். வந்த புதிதில் ஒரு நாள் தமிழாசிரியர் ஒரு பாட்டுக்குப் பொருள் கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "நான் பறையட்டே, சார்?" என்றேன்.

"பறையட்டே" என்றால் "சொல்லட்டுமா" என்று பொருள். பிறந்ததிலிருந்து தினமும் நூறு தடவை புழங்கிய சொல் அது. ஒற்றப்பாலத்தில் அது வேறு எதையுமே குறிக்காது.

வகுப்பு வெடித்தது. என்ன நடந்தது என்றே எனக்குப் புரியவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். ஆசிரியரும் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, சிரிப்பு இன்னும் உதட்டில் இருக்கும்போதே, "அத ஒன் வாயால வேற சொல்லணுமா? நீ எந்தத் தெருவுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார். இரண்டாவது முறை எழுந்த சிரிப்பு முதல் சிரிப்பை விடப் பெரிதாக இருந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் மட்டும் சிரிக்காமல் குனிந்துகொண்டிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. அந்தச் சொல் இந்த ஊரில் ஒரு சாதிப் பெயரின் முன்பாதி என்பதையும், அந்தச் சாதி எங்களுடையது என்பதையும், அதை ஒரு வசவாகத்தான் இங்கே சிலர் வாயில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் எனக்கு அன்று சொல்லிக்கொடுத்தார் அப்பா. கேரளத்தில் சாதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அம்மா பிறந்ததும் அப்படி ஒதுக்கப்பட்ட குடும்பத்தில்தான். அங்கே அதற்கு வேறு சொற்கள் இருந்தன. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அவை எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"நான் நாளைக்குப் போயி கேக்கும்" என்றாள் அம்மா.

"வேணாம் ஓமனா. இங்க அப்பிடியெல்லாம் கேக்க முடியாது."

"என்டெ குட்டி என்ன தெற்று செஞ்சது? எதுக்குக் கேக்க முடியாது?"

மறுநாள் அப்பா வயலுக்குப் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தாள். ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே அறையில் இருந்தார்கள். அம்மா நேரே அந்தத் தமிழாசிரியர் முன்னால் போய் நின்றாள். "சாரே, குட்டி தப்பா ஒண்ணும் பேசல. எங்கட நாட்டுல பறையறதுன்னா சொல்றது. அதுக்கு அறியாது. உங்களுக்கு அறியும்தானே? நீங்க எதுக்குச் சிரிச்சது?"

அவள் குரல் தணிவாகத்தான் இருந்தது. அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து, "சாரே... சாரே..." என்று அவளைப் போலவே ராகம் போட்டுப் பேசிக்காட்டினார். அறை முழுக்கச் சிரித்தது. "மொதல்ல தமிழ் கத்துக்கிட்டு வாம்மா. அப்பறம் நியாயம் கேக்கலாம்" என்றார். அம்மாவின் தோளுக்குக்கூட எட்டாத என் கண் முன்னால் அது நடந்தது.

தலைமையாசிரியர் ஆள் விட்டு அப்பாவை வரவழைத்தார். ஒற்றப்பாலத்தில் எல்லாராலும் "மேஸ்திரி" என்று அழைக்கப்பட்ட என் அப்பா, கால் சேறு காயாமல், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வாசலில் நின்றார். அப்படி ஒரு அப்பாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"டேய் செல்வராசு, ஒன் சம்சாரத்த அடக்கி வையி. பள்ளிக்கூடத்துல வந்து சட்டம் பேசுற வேலையெல்லாம் இங்க வேணாம்" என்றார் தலைமையாசிரியர்.

"சரிங்கய்யா" என்றார் அப்பா.

வாய்க்கால் கரையில் திரும்பி வரும்போது அம்மா கேட்டாள். "என் சம்சாரத்த எதுக்கு அடக்கச் சொல்றாங்க? நான் மரியாதையாத்தானே பேசினது?"

அப்பா கக்கத்தில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "இங்க சம்சாரம்னா பொண்டாட்டி. ஒன்னத்தான் அடக்கச் சொன்னாரு" என்றார்.

அம்மா நின்றாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றவள், "அப்ப ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். அதற்கு மேல் அன்றைக்கு அவள் பேசவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அம்மா மறுபடியும் பள்ளிக்கூடம் போனாள். இந்த முறை அப்பாவும் கூட வந்தார். என் மாற்றுச் சான்றிதழைக் கேட்டார். வருஷ நடுவில் தர முடியாது, போ என்றார் தலைமையாசிரியர். அம்மா அவர் அறை வாசற்படியில் உட்கார்ந்தாள். யார் என்ன கேட்டும் வாயைத் திறக்கவில்லை. எழுந்திருக்கச் சொன்னார்கள், மிரட்டினார்கள், பாஷை தெரியாத ஜென்மம் என்றார்கள். அவள் தலைமையாசிரியரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. விஷயம் கேள்விப்பட்டு அத்தை வந்தாள், அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு எங்கள் தெருவிலிருந்து இன்னும் சில பெண்கள், களை பறித்த கையோடு. ஒருத்தியும் பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது. அடக்கச் சொன்னார்கள், அடக்கிக் காட்டினாள்.

குத்தாலத்தில் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன், அப்பா சைக்கிளில் கொண்டுபோய் விட்டார், படித்தேன். அங்கே ஒரு மாதம் நான் யாரிடமும் எதையும் சொல்லவே இல்லை. அதன் பிறகும் ஒவ்வொரு சொல்லையும் நாக்கில் உருட்டிப் பார்த்துத்தான் வெளியே விட்டேன். அம்மாவும் அதையே செய்தாள். நடவுக்குப் போன இடத்தில், "இதுக்கு என்ன பேரு, அத எப்டிச் சொல்லணும்" என்று அத்தையைக் கேட்டுக் கேட்டு, முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள். ஞாறு "நாத்து" ஆனது. மதி "போதும்" ஆனது. குட்டி "புள்ள" ஆனது. வீட்டுக்குள் கூட மலையாளம் நின்றுபோனது. நான் மறந்து ஒரு சொல் சொன்னால், கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதைத் தமிழில் திருப்பிச் சொல்வாள். தமிழை அவள் விரும்பிக் கற்றிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அவள் பயந்து கற்றாள்.

கோடை விடுமுறைக்கு ஒற்றப்பாலம் போனால் அங்கே வேறு கூத்து. என் மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கிறதாம். அம்மாவின் தங்கை லீலா சித்தியின் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்னைப் "பாண்டி" என்றார்கள். தமிழர்களை இளக்காரமாகச் சொல்ல அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. வாளையார் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு வசவு, அந்தப் பக்கம் ஒரு வசவு. எல்லைக்கோட்டை இரண்டு பக்கமும் இப்படித்தான் காவல் காக்கிறார்கள்.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு தமிழ் அகராதியைப் புரட்டினேன். "பறைதல்: சொல்லுதல்" என்று இருந்தது. அச்சடித்த தமிழ். பழைய தமிழ், ஈழத்தில் இன்றும் புழங்குகிற தமிழ். நூலகம் என்றும் பாராமல் அந்தப் பக்கத்தின் மேல் ஓங்கி ஒரு அறை அறைந்தேன். நான் அன்று தப்பாகவே பேசவில்லை. நல்ல தமிழைத்தான் பேசியிருக்கிறேன். தமிழ் படித்துப் பட்டம் வாங்கி, தமிழ் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்கிய அந்த மனிதருக்கு அது தெரியாமல் இருந்திருக்க வழியே இல்லை. தெரிந்தேதான் சிரித்தார்.

இப்போது தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் செவிலியராக இருக்கிறேன். அப்பா போய்விட்டார், அம்மா என்னோடு இருக்கிறாள். "ஒங்கம்மா கேரளாவா? நம்பவே முடியலயே, நம்ம ஊருக்காரங்க மாதிரியே பேசுறாங்களே!" என்று வருகிறவர்கள் எல்லாம் வியக்கிறார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறார்கள். அம்மா சிரித்துக்கொள்கிறாள். எனக்கு அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போல இருக்கிறது.

போன தை மாதம் லீலா சித்தி ஒற்றப்பாலத்திலிருந்து வந்திருந்தாள். சித்தப்பா இறந்த துக்கத்தை அக்காவிடம் கொட்டி அழ வந்திருந்தாள். கட்டிலில் அம்மாவின் மடியில் தலை வைத்துக்கொண்டு சித்தி சொல்லச் சொல்ல அம்மா தலையை ஆட்டினாள். எல்லாம் அவளுக்குப் புரிந்தது. ஆனால் ஆறுதலாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது தமிழ் மட்டும்தான் வந்தது. நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தாள். பாதி வாக்கியத்தில் ஒரு சொல் கிடைக்காமல் கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். "சேச்சி, எனிக்கு ஒண்ணும் மனசிலாயில்லா" என்றாள் சித்தி, நிமிர்ந்து பார்த்து. அக்கா சொல்வது எதுவும் அவளுக்குப் புரியவில்லை.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "புள்ள, நான் சொல்றத இவகிட்ட நீ கொஞ்சம் சொல்லேன்" என்றாள்.

அதை மலையாளத்தில் சொல்ல எனக்கும் தெரியவில்லை.