விழுமுன் பறிக்க வேண்டிய இலைகள்

யோகேஸ் அக்காவை இன்னும் காணவில்லையே என்று ஆய்வுகூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய கணவர் தொலைபேசியில் அழைத்தார். "விடிய எழும்பேல்லை, தம்பி" என்றார். நித்திரையிலேயே போய்விட்டார். ஒக்டோபர் மாதம். அந்த நொடியிலேயே எனக்கு மரங்களின் நினைவு வந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

அக்காவை அறிந்த உங்களுக்கு, நகரின் ஓரத்தில் ட்வெய்ட்டாவில் அவர் வளர்த்த வில்லோ மரங்களையும் தெரிந்திருக்கும். உலோகப்பூச்சுப் பட்டறை ஒன்று இருந்து மூடிய நிலம் அது. மண் முழுக்கக் கட்மியம் என்ற நச்சு உலோகம். வில்லோ அதை வேரால் உறிஞ்சி இலைக்கு ஏற்றும். முதல் வருடம் கன்றுகள் நுனி கருகிப் பரிதாபமாக நின்றன; பிறகு பிடித்துக்கொண்டன. ஆய்வுகூட மேலதிகாரிகள் சலித்துப்போய்க் கைகழுவியபோது, அக்கா நகரசபையோடு மல்லுக்கட்டி வருகிற வசந்தம் வரை தவணை வாங்கினார். அதற்குள் மண்ணில் நஞ்சு குறையாவிட்டால் மரங்களை வெட்டித் தார் போட்டுவிடுவார்கள்.

ஒருமுறை பக்கத்துக் குடியிருப்பில் இருந்த எங்களவர் ஒருவர் அந்த நிலத்தின் ஓரத்தில் கீரை விதைத்துவிட்டார். தளதளவென்று வந்திருந்தது. அக்கா அதை வேரோடு பிடுங்கினார். சண்டைக்கு வந்த மனிதர் விளக்கம் கேட்டு அடங்கி, "அப்ப இந்த மரம் நஞ்சுண்ட நீலகண்டன் எண்டு சொல்லுங்கோ" என்றார்.

"அவர் கண்டத்திலையே வைச்சிருந்தவர். இது இலை விழேக்கை திருப்பித் துப்பிப்போடும். அதுக்கு முன்னம் நாங்கள் பறிக்கவேணும்" என்றார் அக்கா.

அதனால்தான் ஒவ்வொரு ஒக்டோபரிலும் அவரும் கணவரும் நானும் சாக்கோடு அங்கே நின்றோம்.

மரணவீட்டில் உங்களிடம் இதைச் சொன்னேன். இலை பழுத்துவிட்டது, நாலு பேர் வந்தால் போதும் என்று கெஞ்சினேன். உடல் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது இது என்ன பேச்சு என்று என் வாயை அடைத்தீர்கள். உங்களைக் குறைசொல்லாமல் எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. வேலை முடிந்து தனியே போய் ஒரு வரிசை மட்டும் பறித்தேன். தகனத்துக்கு முதல்நாள் காற்றும் மழையும் சேர்ந்து மீதியை உதிர்த்துவிட்டன.

தகனம் முடிந்ததும் அக்காவின் கணவரும் நானும் நேரே அங்கே போனோம். கறுப்புக் கோட்டோடு சேற்றில் முழங்காலிட்டு, மண்ணில் ஒட்டிக்கிடந்த இலைகளை வழித்தோம். அள்ள அள்ளக் கையோடு கிழிந்தன. கொஞ்ச நேரத்தில் அவர் நிமிர்ந்து, "காணும் தம்பி, விடு. அவளே போயிட்டாள்" என்றார். என்னால் நிறுத்த முடியவில்லை. இருட்டும்வரை, சேறு எது இலை எது என்று தெரியாமல் அள்ளிக்கொண்டிருந்தேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய அவசரம் ஒன்றைத்தான். வசந்தம் வரும், நகரசபையார் மண்ணை எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை இந்த அவசரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மரங்களில் ஓர் இலைகூட இல்லை.