சட்டைப் பை நிறையச் சீட்டுகள்

திருவண்ணாமலையில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில், பாடத்தை எப்படி இன்னும் நன்றாக நடத்துவது என்று வெள்ளிக்கிழமைதோறும் ஆசிரியர்கள் கூடிப் பேசுவோம். அங்கேதான் அவரைக் கவனித்தேன். எங்கள் இயற்பியல் துறைக்குப் புதிதாக வந்த தற்காலிக விரிவுரையாளர். ஒல்லி உடம்பு, சட்டைப் பை மட்டும் புடைத்திருக்கும். உள்ளே, வகுப்பு முடிந்ததும் என்ன புரியவில்லை என்று பிள்ளைகளிடம் எழுதி வாங்கிய சீட்டுகள். நாங்கள் எங்கள் பெருமையைப் பேசினோம், அவர் ஒரு சீட்டைப் படித்தார்: “இன்னிக்கு ஒண்ணுமே புரியல சார்.”

“எல்லார் முன்னாடியும் படிக்கிறீங்களே, வெக்கமா இல்லீங்களா?” என்றேன்.

“இருக்குங்க சார். அதான் திங்கக்கெழம மறுபடியும் நடத்தப் போறேன்.”

எல்லோரும் கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருவரும் தட்டியதில்லை. வயிறு எரிந்தது.

மறுவாரம் நானும் சீட்டு வாங்கினேன். எல்லாவற்றிலும் ஒரே பதில்: “சூப்பரா புரிஞ்சுது சார்.” போன தேர்வில் பாதிப் பேர் என் தாளில் தோற்றிருந்தார்கள்.

“ஒண்ணுமே புரியல” என்று அவருக்கு எழுதிக் கொடுத்ததும் இதே பிள்ளைகள்தான்.