எனக்குக் கேட்காத சத்தம்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளையும் ஏணையில், அதுதான் சேலையில் கட்டிய தொட்டிலில், ஆட்டியே வளர்த்தேன். இப்போது தோள் இடம் கொடுக்காததால், பேத்தி மதுரா தன் கைக்குழந்தையின் ஏணைக்கு மோட்டர் பூட்டினாள். மோட்டர் ஓடினாலே குழந்தை வீரிட்டு அழுதான்.

“மோட்டர் கீச்சிடுது அம்மம்மா. இண்டைக்குச் சரிவராட்டி கழட்டி எறியிறன்.”

“ஒரு சத்தமும் இல்லையடி. என்ரை காது நல்லாய்த்தான் கேக்குது!”

ஒரு சின்னச் சிப் மோட்டருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுக்கிறதாம். அதற்குப் பெயர் பிடபிள்யூஎம். அப்படி விட்டுவிட்டு வரும் மின்சாரந்தான் மோட்டரைக் கீச்சிட வைக்கிறதாம்; நொடிக்கு எத்தனை தடவை விட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று மதுரா எல்லை தேடினாள். தடவைகளைக் குறைத்ததும் மோட்டர் உறுமியது. கூட்டக் கூட்ட உறுமல் கீச்சாகி மறைந்தது.

“சத்தம் நிண்டிட்டுது!” என்றேன்.

“உங்களுக்குத்தான் நிண்டிட்டுது. எனக்குக் காது குத்துது,” என்று சிரித்தாள்.

மேலும் கூட்டினாள். “இப்ப எனக்கும் இல்லை.”

ஆனால் ஏணைக்குள் குழந்தை முகத்தைச் சுளித்தான்.

“அவனுக்கு இன்னும் கேக்குதடி! கூட்டு, கூட்டு!”

“இன்னும் கொஞ்சந்தான் ஏலும். அதுக்கு மேலை போனால் சிப்பாலை ஆட்டத்தை நுணுக்கமாய்க் கூட்டிக் குறைக்க ஏலாது.”

கூட்டினாள். சுளிப்பு அவிழ்ந்தது. ஏணை ஆட ஆட, அவன் தூங்கிப்போனான். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தோம்.

கீழ் எல்லையைக் குழந்தையின் காது சொன்னது, மேல் எல்லையைச் சிப் சொன்னது. எனக்குக் கேட்காவிட்டால் சத்தமே இல்லை என்றல்லவா இவ்வளவு நாளும் சாதித்து வந்தேன்!

மதுரா, இஞ்சை வா. நான் இதிலை எழுதின கதையை ஒருக்கால் வாசி பாப்பம். கிட்ட இருந்து, கொஞ்சம் உரத்து வாசி பிள்ளை.