புழக்கடையில் நிற்கும் பஸ்

கரியாலூர் டீக்கடையில் நான், என் மனைவி, கடைக்கார அக்கா, அவ்வளவுதான். கள்ளக்குறிச்சிக்குப் போகும் கடைசி பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போகிறது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுகிறேன். ராத்திரி எங்கே தங்குவது?

“இன்னாத்துக்குண்ணா பதறிக்கினு? புழக்கடை வழியா எறங்குங்க. பஸ்ஸு மலையச் சுத்திக்கினு கீழதான் வரும்,” என்கிறார் அக்கா.

கடைக்குப் பின்னால், ஆடு நுழையும் உயரத்தில் ஒரு கதவு. அந்த அவசரத்திலும், “அதென்ன புழக்கடை?” என்று கேட்கிறேன்.

“புழைன்னா நுழையுற சந்து, கடைன்னா வாசலு. ரெண்டும் சேந்து பின்வாசலு. மொதல்ல குனிங்க!”

குனிந்தும் தலை இடிக்கிறது. மனைவி சிரித்துக்கொண்டே இறங்குகிறாள். கீழே வளைவில் பஸ் நிற்கிறது. கண்டக்டர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“தெனமும் இங்க நின்னுதாங்க போவோம். டீய முழுசா குடிச்சிட்டே வந்திருக்கலாமே!”