ஓரமாய் உட்காரச் சொன்னார்கள்

இரண்டாவது பிள்ளை பிறந்த நாலாம் மாதம் எனக்குத் தூக்கம் போனது. யாரோ என்னைத் திட்டுவதுபோல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் பிள்ளையைத் தொட்டிலில் விட்டுவிட்டு நடந்தவளைப் பாபநாசம் பஸ் ஸ்டாண்டில்தான் பிடித்தார்கள். பேய் என்று வேப்பிலையால் அடித்தார்கள். மூன்று அமாவாசை அப்படியே போனது. கடைசியில் என் கணவர், அவரும் வயல் கூலிதான், யாரிடமும் கேட்காமல் என்னைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அந்தக் குரல் அடங்கியது. எனக்குக் குணமானது. ஊருக்குத்தான் ஆகவில்லை.

அடுத்த வைகாசியில் எங்கள் வாய்க்காலைத் தூர்வாரும் நூறு நாள் வேலைக்குப் போனேன். வேலையைக் கவனிக்கும் பெண் என்னைவிடச் சின்னவள்.

"அக்கா, நீங்க ஓரமா உக்காருங்க. வந்ததா பதிஞ்சுடறேன்" என்றாள்.

"ஏன்?"

"மண்வெட்டியை உங்க கையில குடுத்தா மத்தவங்க பயப்படுறாங்க."

முதலில் அழுகைதான் வந்தது. அழுதால், பாத்தியா, ஆரம்பிச்சிடுச்சு என்பார்கள். விழுங்கிக்கொண்டேன்.

"உக்காந்து வாங்குற கூலி எனக்கு வேணாம். நெஞ்சு வலிக்கு மாத்திரை போடுறவரு அங்க மண்ணு வெட்டுறாரு. நான் மனசுக்குப் போடுறேன். அவ்வளவுதான்."

கரையில் கிடந்த மண்வெட்டியை நானே எடுத்துக்கொண்டு இறங்கினேன். பக்கத்தில் இருந்த பெண்கள் தள்ளிப்போனார்கள். என் மண்ணை அள்ள யாரும் கூடை கொண்டுவரவில்லை. நானே வெட்டி, நானே சுமந்து கரையேற்றினேன். மதியச் சோற்றுக்குப் பிறகு, அதுவரை முந்தானைக்குள் மறைத்துப் போட்ட மாத்திரையை எல்லோரும் பார்க்கப் போட்டேன்.

நாலாம் நாள், எல்லோரையும்விடத் தள்ளி நின்ற பெண் கூடையோடு என் பக்கம் வந்தாள்.

"எந் தம்பி ரெண்டு வருசமா அறையை விட்டு வெளிய வரல. யாருக்கும் தெரியாது. டாக்டரு எந்தக் கிழமை இருப்பாரு?" என்று காதோடு கேட்டாள்.

நான் சத்தமாகவே சொன்னேன். "செவ்வாக்கிழமை. காலையில முதல் பஸ். நானும் வரேன். ஆனா பஸ்ல எம் பக்கத்துல உக்காரணும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் சிவந்தது. கூடையை என் காலடியில் வைத்தாள்.

"உக்காருறேன்" என்று சொல்லிவிட்டு, என் மண்ணைக் கூடையில் அள்ளினாள்.

முதல் செவ்வாய் தம்பி வரவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான் போய் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தோம். மூன்றாம் செவ்வாய், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தான். இப்போது மாதம் ஒருமுறை மூன்று பேரும் போகிறோம். ஸ்டாப்பில் நிற்பவர்கள் எங்கே பயணம் என்று கேட்டால், மனநோய் டாக்டரைப் பார்க்க என்று நான்தான் சொல்கிறேன். அவள் இன்னும் என் கையைக் கிள்ளுகிறாள். கிள்ளட்டும்.