கடல் பார்க்காத மீன்காரன்

மீன்கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வாடிக்கையாளர் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதற்கு முன் நம் முகத்தைத்தான் பார்ப்பார். "எந்த ஊருப்பா நீ?" என்ற கேள்விக்கு நீங்களும் விழித்திருப்பீர்கள். நான் கிருஷ்ணகிரி பக்கம். பெங்களூர் காக்ஸ் டவுனில் கடை போட்டு ஆறு வருடமாகிறது, இன்னும் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. என் வாடிக்கையில் பாதிப்பேர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரே சின்னக் கடற்கரை ஊரில் வளர்ந்தவர்கள். உண்மை தெரிந்தால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயத்தில், "நானும் கடற்கரைதாங்க" என்று சொல்லி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமைப் பாறை

ஜெசிந்தா டீச்சர் அந்த ஊர்க்காரர், ஓய்வு பெற்றவர். ஒரு திங்கட்கிழமை காலை அவரிடம் பாறை மீனைக் காட்டி, "உங்க ஊர்க் கடல்ல நேத்து பிடிச்சது டீச்சர்" என்று அளந்துவிட்டேன். அவர் மீனை விட்டுவிட்டுச் சின்ன வயசுக்குப் போய்விட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும், மணலில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளங்களில் பிள்ளைகள் ஏறி விளையாடுவார்களாம். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எல்லார் அப்பாவும் வீட்டில் இருப்பார்களாம், அதனால் அடியும் அன்றைக்குத்தானாம். எனக்குச் சுவாரசியம் தாங்கவில்லை. வள்ளத்தில் ஏறினால் அடிப்பார்களா என்று கேட்டேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழமை எங்க ஊர்ல கடலுக்குப் போனவன் யாருப்பா? பேரைச் சொல்லு, சாமியாருக்குப் போன் போடணும்."

ஒரு கை சாளை

அந்தோணி அதே ஊர்தான், பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. எப்போதும் இருப்பதிலேயே பொடிச் சாளையாகத்தான் கேட்பார், மத்திக்கு அவர் ஊரில் அதுதான் பெயர். ஏன் என்று விசாரித்தேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் கரைவலை இழுப்பவர்களோடு சேர்ந்து கயிறு பிடித்தால், ஆளுக்கொரு கை சாளை கிடைக்குமாம். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போய், மீன் வாடைக்காக வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார். "கயிறு கையை அறுக்காதா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தை.

"உங்க ஊர்ல சூரியன் கடல்ல உதிக்குமா, கடல்ல விழுமா? அதையாவது சொல்லுங்க அண்ணாச்சி."

ஞானஸ்நான விருந்து

அந்தோணியின் மகளுக்கு ஞானஸ்நானம். டீச்சரோடு வந்து, விருந்துக்கு மொத்த மீனும் என்னிடமே என்றார். "ஊர்க்காரங்க அத்தனை பேரும் வாராங்க. இது எங்க கடல் மீன்தானே?" இவ்வளவு பெரிய ஆர்டர் எனக்கு வந்ததே இல்லை. ஆனால் பிள்ளை பெயரைச் சொல்லிப் பொய் சொல்ல வாய் வரவில்லை. இது மங்களூர் மீன், நான் கடலையே பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, கத்தியைக் கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

"மங்களூர்னா என்ன, நல்லா இருந்தாச் சரி" என்றார் அந்தோணி. டீச்சர், "இனிமே ஊரைச் சொல்லாத, என்னைக்குப் பிடிச்சதுன்னு மட்டும் உண்மையைச் சொல்லு" என்றார். போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தைரியத்தில், ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்: கடல் சத்தம் எப்படி இருக்கும்? டீச்சர்தான் யோசித்துச் சொன்னார்.

"ஊர்ல இருந்தவரைக்கும் எனக்கு அது கேட்டதே இல்லப்பா. கல்யாணமாகி இங்க வந்தப்புறம்தான், ஏதோ நின்னு போச்சேன்னு தோணுச்சு."

உண்மையைச் சொன்னதில் வியாபாரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை, எனக்குக் கடலை விளக்கப் புறப்பட்டவர்களால் கடை வரிசைதான் நகரமாட்டேன் என்கிறது.